தூத்துக்குடிப் பயணமும் பவளப்பாறைப் பாடமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் தாத்தா வீடு என்றே பொருள். என் தாயாரின் பிறந்த ஊர் தூத்துக்குடி. ஆண்டுதோறும் மே மாத விடுமுறையில் அங்குச் சென்று, கடற்கரையில் கால் நனைத்து, மக்ரூன் தின்று, பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பி வருவதே என் வழக்கமாக இருந்தது. 2024-ஆம் ஆண்டு விடுமுறை மட்டும் அப்படி முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வகுப்பில் நடந்த ஒரு பேச்சு.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கெய்ன்ஸ் என்ற நகரத்தைப் பற்றி சிஸ்டர் கூறினார்கள். அந்நகரின் ஒரு பக்கம் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டு. மறுபக்கம் வானுயர்ந்த மழைக்காடு. 1981-இல் பவளத்திட்டும் 1988-இல் மழைக்காடும் உலகப் பாரம்பரியச் சொத்துகளாக அறிவிக்கப்பட்டன. சில இடங்களில் காடு மலையிலிருந்து இறங்கிக் கடற்கரை மணல்வரை வந்துவிடுகிறதாம். "அங்கெல்லாம் நாம் எங்கே போகப்போகிறோம், சிஸ்டர்!" என்று நான் பெருமூச்சு விட்டேன். "உன் தாத்தா ஊர் தூத்துக்குடிதானே? இந்த முறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வா" என்றார்கள். நான் பார்த்ததையும் கேட்டதையும் படித்ததையும் என் தோழியருக்கு இங்கே எழுதுகிறேன்.

முத்து நகர்

மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வழியெல்லாம் கரிசல் மண்ணும் சீமைக்கருவேலும்தான். கருத்த நிலம் முடிந்து வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள் தோன்றினால் ஊர் வந்துவிட்டது என்று அறியலாம்.

முத்துக் குளித்தலுக்குப் பெயர் பெற்றது இந்நகர். 1906-இல் வ.உ. சிதம்பரனார் வெள்ளையருக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் ஓட்டியது இங்கிருந்துதான். 1713-இல் எழுப்பப்பட்ட பனிமய மாதா ஆலயமும், இன்று வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகமும் நாம் அறிந்தவையே. ஆனால் கரையிலிருந்து பார்த்தால் தெரியாத செல்வம் ஒன்று கடலுக்குள் இருக்கிறது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம்வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் சங்கிலிபோல் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் இங்கு வாழ்கின்றன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகில் உள்ளவை வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலங்குச்சல்லி என்னும் நான்கு.

சுவரில் கண்ட பவளம்

"தீவுக்குக் கூட்டிப் போங்கள், தாத்தா" என்று போன அன்றே கேட்டேன். "அங்கெல்லாம் இறங்க விடமாட்டாங்க பிள்ளே" என்று சொல்லிவிட்டார். எனக்கு முகம் வாடிவிட்டது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தாத்தா வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். அது வடிந்தபின் பின்கட்டுச் சுவரின் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்துவிட்டிருந்தது. உள்ளே செங்கல் இருக்கும் என்று எண்ணிப் பார்த்த நான் வியந்து போனேன். சாம்பல் நிறக் கல். அதன் மேல் முழுவதும் நெருக்கமாகச் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், யாரோ ஊசியால் செதுக்கி வைத்ததுபோல.

"இது என்ன தாத்தா, பூப்போட்ட கல்?"

"பூ இல்ல பிள்ளே. நீ பாக்கணும்னியே, அந்தப் பவளப்பாறைதான் இது. இந்தக் கையால எடுத்தது."

என் தாத்தாவுக்கு வயது 74. பதினாறு வயதில் வல்லத்தில் ஏறி, தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடலில் மூழ்கி, கடப்பாரையால் பவளப்பாறைகளைப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவரும் வேலை செய்தவர் அவர். இதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பவளம் கல்லா, உயிரா?

பவளம் ஓர் உயிரினம். சொறிமீனுக்கு உறவான சின்னஞ்சிறு பிராணி. ஒவ்வொரு பிராணியும் கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம் போன்ற கூடு கட்டிக்கொள்கிறது. சுவரில் நான் கண்ட ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு பிராணி குடியிருந்த வீடு. ஆயிரக்கணக்கான வீடுகள் ஒட்டி வளர்ந்தே ஒரு பாறை உண்டாகிறது.

பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. பவளம் பாசிக்கு இடம் தருகிறது; பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது. நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் அந்தப் பாசியே. ஆகவே பவளம் வாழத் தெளிந்த நீர் வேண்டும். வெயில் உள்ளே போக வேண்டும். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு நீடித்தால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வெளிறல் கடுமையாக நேர்ந்தது.

கொம்பு கொம்பாகக் கிளைக்கும் பவளங்கள் விரைவாக வளர்பவை. உருண்டைப் பாறையாக வளர்பவையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். என் பென்சில் பெட்டியில் இருந்த அளவுகோலை எடுத்துச் சுவரில் இருந்த கல்லை அளந்தேன். நீளம் 38 சென்டிமீட்டர். என் தாயாரின் வயதை ஒட்டிய காலம் கடலில் வளர்ந்த கல்! அதைப் பெயர்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தாத்தாவிடம் கேட்டேன். "ஒரு வெத்தில போடுற நேரம்" என்றார்.

காளவாய்க்குப் போன கல்

இத்தனை கல்லும் எங்கே போயிற்று? ஒரு பகுதி வீட்டுச் சுவர்களுக்கு, பெரும்பகுதி காளவாய்க்கு. காளவாய் என்பது சூளை. நம் மதுரையில் பேருந்து நிறுத்தத்தின் பெயராக நாம் நாளும் சொல்லும் காளவாசலும் சூளையைக் குறிக்கும் சொல்லே. பவளப்பாறை என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் இட்டுச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் 'சுர்' என்று கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். வேதியியல் பாடத்தில் நாம் படிக்கும் அதே வினைதான். விடைத்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதும் வினையில் ஒரு கடலே வெந்து போயிருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

கல் போன இடத்தில் என்ன நேர்ந்தது? பவளத்திட்டு கடலலையின் வேகத்தைத் தணிக்கும் மதில். மதில் போனால் அலை நேரே தீவின் மணலை அரிக்கும். விலங்குச்சல்லித் தீவு இன்று நீருக்கு மேல் இல்லை. கீழக்கரைப் பக்கம் உள்ள பூவரசன்பட்டித் தீவும் மூழ்கிவிட்டது. 1986-இல் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2014-இல் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

பொதிகையில் ஒரு நாள்

கடலைப் பற்றிக் கேட்டதும் மழைக்காட்டையும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தேன். என் தந்தையார் வேன் ஒன்று அமர்த்தினார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள புன்னைக்காயல். அங்கிருந்து ஆற்றின் போக்கை எதிர்த்து மேற்கே போவதுபோல, கொற்கை, ஸ்ரீவைகுண்டம், திருநெல்வேலி வழியாகப் பாபநாசம் சென்றோம்.

கொற்கை பாண்டியரின் துறைமுகம். நம் மதுரைக்கு முத்து வந்த வாசல். இன்றோ அங்கே வயலும் குளமும்தான் இருக்கின்றன. கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. பொதிகையிலிருந்து ஆறு சுமந்து வந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து கடலைத் தள்ளிவிட்டதே காரணம்.

பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவியில் குளித்தோம். மதுரையில் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டும் மே மாதத்திலும் அந்த அருவியில் தண்ணீர் விழுந்தது. எங்கிருந்து வருகிறது இது? மேலே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையைச் சுற்றியுள்ள மழைக்காட்டிலிருந்து. அங்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. அடுக்கடுக்கான மரங்களும் உதிர்ந்த இலைகளும் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து, சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. அந்நீரே அணைகளில் தேங்கி ஆறாக இறங்குகிறது. அக்காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. சிங்கவால் குரங்குகள் வாழும் அந்த உட்காட்டுக்குள் நம்மைப்போன்றோர் போக முடியாது.

ஒரே கயிற்றின் இரு முனைகள்

திரும்பும் வழியில் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மழைக்காட்டுக்குள்ளும் நான் போகவில்லை; பவளத்திட்டையும் நேரில் காணவில்லை. ஒன்றை அருவி நீரிலும் மற்றொன்றை உதிர்ந்த சுவரிலும் கண்டேன். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள உறவு தெளிவாகத் தெரிந்தது. கெய்ன்ஸ் பக்கத்தில் காடும் கடலும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நம் நாட்டில் நடுவே ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஆறு ஓடுகிறது. அந்த ஆறுதான் இரண்டையும் கட்டும் கயிறு.

மலையில் மரம் போனால் மழை மண்ணை அரிக்கும். ஆறு கலங்கி ஓடிச் சேற்றைக் கடலில் கொட்டும். சேறு பவளத்தின் மேல் படிந்து வெயிலை மறைக்கும். வாயில்லாத அப்பிராணி மூச்சடைத்துப் போகும். வழியில் நாம் போடும் குப்பையும் சாக்கடையும் அதே பாதையில்தான் போகின்றன. பாபநாசம் படித்துறையில் குளித்தவர்கள் ஆற்றோடு விட்ட பழந்துணிகள் கல்லில் சிக்கிக் கிடந்ததை நானே பார்த்தேன். ஆற்றில் விட்டால் போய்விடும் என்கிறோம். எங்கே போகும்?

தாத்தாவின் பதில்

அன்றிரவு முற்றத்தில் எல்லோரும் இருக்கும்போது, "இத்தனை கல்லை எடுத்துவிட்டீர்களே தாத்தா, பாவம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். "பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்று அம்மா அதட்டினார்கள். தாத்தா கையமர்த்தினார்.

"பிள்ள கேக்கட்டும். அன்னைக்கு அதக் கல்லுன்னுதான் நெனச்சோம். உயிருன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. உன் பெரிய மாமா படிச்சது அந்தக் காசுலதான். பூங்கான்னு சொல்லித் தடை வந்ததும் விட்டுட்டு, துறைமுகத்துல மூட தூக்கப் போனேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். விலங்குச்சல்லில இறங்கி நின்னு சோறு தின்ன ஆளு நான். இப்ப அந்த இடத்துல வல்லம் போவுது. அத நெனச்சா அன்னைக்குத் தின்ன சோறு தொண்டைல நிக்கி."

நான் தலைகுனிந்தேன். அவர் அறியாமல் செய்தார், வயிற்றுக்காகச் செய்தார். சுட்ட சுண்ணாம்பைப் பூசி வெள்ளையடித்த வீடுகளில் இருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டல்லவா? இப்போது பாடப் புத்தகத்தில் எல்லாம் படித்துவிட்டுத் தீங்கு செய்தால் நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பவளத்துக்கு அது பொருந்தாது. செத்த பவளத்துக்கு ஒருநாள் கூலிதான். உயிருள்ள பவளமோ மீனுக்கு வீடு, தீவுக்கு மதில், மீனவர்க்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு.

முடிவுரை

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இன்று அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உடைந்த பவளக் கிளைகளைக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள். வான் தீவைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகள் இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

தோழியரே, நாம் செய்யக்கூடியவை சிறியவையே. சுற்றுலா சென்ற இடத்தில் யாராவது பவளத் துண்டை நீட்டினால் வாங்காதிருப்போம். ஆற்றில் துணியும் நெகிழிப்பையும் விடாதிருப்போம், அது தாமிரபரணி ஆனாலும் நம் வைகை ஆனாலும். வீட்டில் யாரேனும் விட்டால், கோபிக்காமல் எடுத்துச் சொல்வோம்.

நாங்கள் மதுரைக்குக் கிளம்பிய அன்று, பின்கட்டுச் சுவருக்குச் சிமெண்டு பூச மாமா கொத்தனாரை அழைத்து வந்திருந்தார். நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் எழுந்து போய், நான் அளந்த அந்த ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, "இத மட்டும் பூசாம விட்டுருங்க. பேத்தி வந்து பாப்பா" என்றார்.

அந்தக் கல் இன்றும் பூசப்படாமல் இருக்கிறது.