நாடகம் படிக்கட்டும், இபிஎஃப்பில் கை வைக்காதீர்கள்

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் முறுக்குப் பொட்டலத்தோடு கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தாமானில் முன்பு குடியிருந்த அக்கா ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மகள் எஸ்பிஎம் முடிக்கப்போகிறாள், நாடகம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"நீதான் அதைப் படிச்சவ. சோறு போடுமா, சொல்லும்மா."

"போடும் அக்கா. ஆனா அண்ணனோட இபிஎஃப்பத் தொடாதீங்க" என்றேன்.

கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று என்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்த நெரிசலில் எதை விளக்குவது? இங்கே எழுதுகிறேன்.

2008இல் பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நிகழ்த்துகலைப் பட்டத்துக்குச் சேர்ந்தேன். எஸ்டிபிஎம் முடித்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டதில் கேட்ட துறை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஷா ஆலாம் புஞ்சாக் பெர்டானாவில், யூஐடிஎம்மின் திரைப்பட, நாடகத் துறை இருக்கிறது. அது பூமிபுத்ராக்களுக்கானது; அந்தக் கதவு நமக்குத் திறக்காது. ஜாலான் துன் இஸ்மாயிலில் அஸ்வாரா என்று ஓர் அரசுக் கலைக்கழகம், 1994இல் தொடங்கியது, இருக்கிறது என்று எனக்கு அப்போது சொல்ல ஆளில்லை. சொல்லியிருக்க வேண்டிய பள்ளி ஆலோசகர், "டீச்சர் வேலைக்கு முயற்சி பண்ணலாமே" என்பதைத் தவிர வேறு வாக்கியம் அறியாதவர்.

பெரியப்பா ஒருவர், "கூத்தாடுறதுக்குப் பட்டம் எதுக்கு?" என்று நடு வீட்டில் கேட்டார். அவரைப் பற்றிப் பிறகு.

கடன் என்றால் அப்பாவுக்கு ஆகாது. பிடிபிடிஎன் கல்விக் கடனைக் கட்டாதவர்களை விமான நிலையத்தில் நிறுத்திய காலம் அது. அந்தத் தடை 2018இல்தான் விலகியது. ஒழுங்காகக் கட்டியவர்களை யாரும் நிறுத்தவில்லை என்பது அப்பா காதில் ஏறவில்லை. "என் பொண்ணு கடன்காரியா வெளிய வரக் கூடாது." எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. போர்ட் கிள்ளானில் போர்க்லிப்ட் ஓட்டிச் சேர்த்த இபிஎஃப் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து, கல்விக்கான மீட்பு என்று 2010 முடிவதற்குள் 28,000 வெள்ளி எடுத்தார். மீதிக் கட்டணத்துக்கு அம்மாவின் கூட்டுப் பணமும் அடகுக்கடைக்குப் போன இரண்டு வளையலும். பட்டமளிப்பு அன்று, "கடனே இல்லாம முடிச்சா" என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். நானும் பல வருடம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2018இல் அப்பா அறுபது முடிந்து ஓய்வு பெற்றார். கணக்கு அறிக்கையைப் பார்த்து, "போதும்மா, சாப்பாட்டுக்கு ஆகும்" என்றார். மூன்று மாதம் கழித்து ஒரு கொண்டோமினியத்தில் இரவுக் காவலர் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஏழரைக்கு அவர் சீருடையோடு வாசலில் செருப்பைக் கழற்றுவார். நான் கொமுட்டரைப் பிடிக்க ஓடுவேன். அந்த நாள்களில் ஒன்றில்தான் ரயிலில் உட்கார்ந்து கைப்பேசியில் கணக்குப் போட்டேன்.

2024 வரை நீட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு இதுதான். 2011இலிருந்து இபிஎஃப் கொடுத்த லாப ஈவு எந்த ஆண்டும் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை. 2014இல் 6.75, 2017இல் 6.90, ஆகக் குறைந்தது, கோவிட் ஆண்டான 2020இல், 5.20. அந்த 28,000 அங்கேயே கிடந்திருந்தால் 2017 முடிவில் 43,000. 2024 முடிவில் 63,475. இந்தப் பக்கம், பிடிபிடிஎன்னில் 2008இலிருந்து உஜ்ரா என்ற சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரே விழுக்காடு. 28,000 கடன் வாங்கிப் பதினைந்து வருடம் இழுத்துக் கட்டியிருந்தாலும் கூடுதலாகப் போயிருப்பது 4,200. மாதம் 179 வெள்ளி, என் சம்பளத்திலிருந்து. முதல் வகுப்பில் தேறியிருந்தால் அதையும் கட்ட வேண்டாம். நான் தேறவில்லை, அது வேறு வருத்தம்.

ஆறு விழுக்காடு தரும் பணத்தை உடைத்து, ஒரு விழுக்காடு கேட்கும் கடனிலிருந்து தப்பித்தோம். அதற்குப் பெயர் மானம் என்று நினைத்திருந்தோம்.

வங்கியில் வேலை பார்க்கும் மாமா மகன், "மாதத் தவணைக்கும் வட்டி சேர்த்துப் பார்க்கணும், வித்தியாசம் குறையும்" என்றான். குறையட்டும். யார் உழைப்பில் யார் படித்தது என்பது அதனால் மாறுமா?

பட்டம் சம்பாதித்துக் கொடுத்ததா என்பதற்கு வருகிறேன். படித்து முடித்த முதல் ஆண்டு மூன்று நாடகம். அதில் ஒன்றுக்கு இரண்டரை மாத ஒத்திகை, கையில் வந்தது 600 வெள்ளி. ஒரு தொலைக்காட்சித் தொடரில் நாளுக்கு 150 என்று பேசி, நான்கு மாதம் துரத்திய பிறகு பாதி கொடுத்தார்கள். தமிழ் மேடையில் பணம் குறைவு, பொன்னாடை அதிகம். மண்டப வாடகை, ஒலி ஒளி, பிரமுகர் வரவேற்பு எல்லாம் போன பிறகு நடிகருக்கு ஒரு பொட்டலம் மீ கோரெங். என் அலமாரியில் ஏழு பொன்னாடை கிடக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அன்னலட்சுமியில் சாப்பிட்டுவிட்டு மனதுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்றொரு முறை உண்டு. எங்களைக் கூப்பிடும் ஏற்பாட்டாளர்கள் அதைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்போலும்.

2014இல் ஒரு மருத்துவக் கல்லூரியின் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க ஆள் கேட்டார்கள். நெஞ்சு வலி வந்த இல்லத்தரசி. ஒரு காலையில் பதினான்கு மாணவர்களுக்கு ஒரே வலியை ஒரே அளவில் காட்ட வேண்டும்; அது பயிற்சி இல்லாதவரால் முடியாது. மணிக் கணக்கில் சம்பளம், அன்றைக்கே. மேடையில் இரண்டரை மாதத்தில் பார்த்ததை இரண்டு வாரத்தில் பார்த்தேன். அங்கிருந்து நிறுவனப் பயிற்சி. இந்த நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை ஹெச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகிறார்கள். அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்குத்தான் திரும்பி வரும். ஆகவே பயிற்சியாளருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. பயிற்றுநர் சான்றிதழ் எடுத்தேன். கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்று வங்கி முகப்பு ஊழியர்களுக்கு நடித்துக் காட்டுகிறேன். ஒரு நாளைக்கு 1,500 வெள்ளி. மாதத்தில் நான்கு நாள் கிடைத்தால் நல்ல மாதம், இரண்டு கிடைத்தால் சமாளிக்கும் மாதம்.

"அப்புறம் எதுக்கு நாடகம், நேரா அதையே படிச்சிருக்கலாமே" என்பவர்களுக்கு: முடியாது. சக பயிற்சியாளர்கள் ஸ்லைடு காட்டுகிறார்கள். நான் அறைக்குள் வந்தால் ஸ்லைடு தேவைப்படுவதில்லை. பட்டத்தால் வந்தது அது.

மேடை மட்டும் சோறு போடாதது என் திறமைக் குறைவு என்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிருஷன் ஜித், மலேசிய நாடகத்தின் பெரிய ஆள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு போதித்தவர். தோட்டத்துத் தமிழர் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நாடகமாக்கிய கே.எஸ். மணியமும் அங்கேதான் ஆங்கிலம் போதித்தார். அவர்களுக்கே இன்னொரு சம்பளம் தேவைப்பட்டது.

பெரியப்பா மகன் கல்யாண விருந்தில், "நீதாம்மா நல்லாப் பேசுவ" என்று மைக்கை என் கையில் கொடுத்தார் பெரியப்பா. நான்கு மணி நேரம் நின்று நடத்தினேன். அங்பாவில் ஐம்பது வெள்ளி. கூத்தாடுவதற்கு அவர் போட்ட விலை.

மகளைச் சேர்க்கும் அக்காவுக்கு மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்கியூஏ பதிவேட்டில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அஸ்வாராவுக்கும் பினாங்கு யூஎஸ்எம்முக்கும் முதலில் மனுப் போடுங்கள். படிவம், நேர்காணல் விவரமெல்லாம் அவர்களே சொல்வார்கள். கடனை மகள் பேரில் வாங்குங்கள், தவணை தொடங்கியதும் மறந்துவிடாமல் கட்டச் சொல்லுங்கள். இப்போது இபிஎஃப்பில் மூன்று கணக்கு. கல்விக்கு எடுக்க விடுவது செஜாத்ரா கணக்கிலிருந்து. விடுகிறார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள். அவள் சம்பாதிக்கத் தொடங்கியதும் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் சேரட்டும். சுயதொழில் செய்பவர் ஆண்டுக்கு 2,500 போட்டால் அரசாங்கம் 500 சேர்க்கிறது. இப்படி ஒரு திட்டம் இருப்பதே எனக்கு முப்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

அப்பா காவல் வேலையை விட்டுவிட்டார். இருபத்தெட்டு மாதமாக அவர் கணக்கில் மாதம் 400 வெள்ளி போட்டுவருகிறேன். அவருக்குத் தெரியும், வேண்டாம் என்றுதான் சொல்கிறார். இதுவரை 11,200 ஆகியிருக்கிறது. இன்னும் 52,275 பாக்கி.