ஊடலையும் வரைந்து பார்

அன்புள்ள கயல்,

வரைவதற்குக் காதல் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், இதயமும் ரோஜாவும் தவிர எதுவும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாய். அடி அண்ணாமலையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா கண்ணு? மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அண்ணாமலையார் உங்கள் ஊர் வழியாகத்தானே கிரிவலம் போகிறார்? அம்மன் இல்லாமல் அவர் ஏன் போகிறார் என்று யோசி. உன் படம் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முதல்நாள் மாலை திருவண்ணாமலையின் திருவூடல் தெருவுக்கு வா. பிருங்கி முனிவர் சிவனைத் தவிர யாரையும் வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். அவருக்கா அருள் செய்வது என்று உண்ணாமுலையம்மனுக்குக் கோபம். சுவாமி நெருங்குகிறார், அம்மன் விலகுகிறாள். உற்சவர் முகம் அசையாது. தோளில் சுமப்பவர்களின் நடையில்தான் கோபமும் கெஞ்சலும் தெரியும். கால்களைக் கவனி. நடுவில் சுந்தரர் தூது போகிறார். தன் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்கத் தனக்காகச் சிவனையே தூது நடக்க வைத்தவர் அவர்! ஆனாலும் அம்மன் இறங்கி வரவில்லை. கோயிலுக்குத் திரும்பிக் கதவடைத்துக்கொள்கிறாள். சுவாமி குமரக்கோயிலில் தங்கி, விடிந்ததும் மலை சுற்றக் கிளம்புகிறார். 14 கிலோமீட்டர் சுற்றி வந்த பிறகுதான் மறுவூடல், அதாவது சமாதானம்.

கார்த்திகை தீபத்தன்று சில நிமிடங்கள் அர்த்தநாரீஸ்வரராக, ஒரே உடலாகக் காட்சி தந்தவர்கள்தான் தையில் இப்படித் தெருவில் பிணங்குகிறார்கள். சேர்க்கையை மட்டும் காட்டினால் காதல் பாதிதான் என்று நம்மவர்கள் உறுதியாக நினைத்திருக்கிறார்கள். அகப்பாடலில் ஊடலுக்கென்றே மருதத்திணையை வைத்தார்கள். திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகைதான்.

இனி ஓவியத்துக்கு வருவோம். வியன்னாவில் கிளிம்ட் 1907-08இல் வரைந்த 'முத்தம்' ஓவியத்தில் இருவரும் ஒரே பொன்னாடைக்குள் கரைந்துவிடுகிறார்கள். அழகுதான். ஆனால் என் மனம் ரெம்பிராண்டின் 'யூத மணப்பெண்' பக்கமே போகிறது. அதில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவன் கை அவள் மார்பின்மேல். அதன்மேல் அவள் விரல்கள் பட்டும் படாமலும். அவ்வளவையும் கைகளே சொல்லிவிடுகின்றன.

இப்படிப் பேசும் கைகளைக் காண, அந்த ஓவியம் இருக்கும் ஆம்ஸ்டர்டாம்வரை போக வேண்டாம். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர் இருக்கிறார். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத்திருமேனி. சிவன் பார்வதியின் கையைப் பற்றியிருக்கிறார். அவள் தலை லேசாகக் குனிந்திருக்கிறது. உடல் இன்னும் அவர் பக்கம் முழுதாக வரவில்லை. அந்த ஒரு சாண் தயக்கத்தை வெண்கலத்தில் வார்த்த சிற்பி பெயர் தெரியாமல் போனாரே என்று எனக்கு ஆறவே ஆறாது.

முகத்தில் தொடங்காதே. கைகளையும் இருவருக்கும் இடையில் விடும் வெற்றிடத்தையும் முதலில் பென்சிலில் போட்டுப் பார். இடைவெளியை ஒரு விரல் கூட்டு, அடுத்த தாளில் குறை, உறவே மாறிவிடும். ஐந்தாறு தாள் வரைந்து எனக்கு அனுப்பு. வண்ணத்தைப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
அத்தை