பக்கவாதத்திற்குப் பின் மாத்திரையை நிறுத்தலாமா?

“கை கால் சரியாகிவிட்டது, டாக்டர், மாத்திரையை நிறுத்திவிட்டேன்.” பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள் சில மாதங்கள் கழித்து வரும்போது இவ்வாறு கூறுவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். கை கால் தேறியதற்கு மூளையின் மீட்சியும் இயன்முறைப் பயிற்சியும் காரணம். மாத்திரைகள் அடுத்த அடைப்பைத் தடுப்பதற்காகத் தரப்படுபவை. முதல் அடைப்புக்குக் காரணமான இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை உடலில் இன்னும் இருக்கின்றன.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவை இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரினை நிறுத்தினால் உடலில் புதிய தட்டணுக்கள் உருவாகி, 7 முதல் 10 நாள்களில் அதன் பாதுகாப்பு நீங்கிவிடும். அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு, இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள கொழுப்புப் படிவு உடையாமலும் காக்கிறது. இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்குத் தரப்படும் அபிக்சபான் போன்ற மருந்தின் ஆற்றல் ஓரிரு நாளிலேயே மறைந்துவிடும்.

மூன்று தருணங்களில் தவறு நேர்கிறது. லேசான பக்கவாதத்தில் இரு தட்டணு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்து, பெரும்பாலும் 21 நாள்களுக்குப் பின் ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்வோம். சிலர் இரண்டையும் நிறுத்திவிடுகின்றனர். சிலர் பல் பிடுங்குவதற்காகத் தாமாகவே நிறுத்திப் பின்னர் தொடர மறக்கின்றனர். அம்பத்தூர், திருமுல்லைவாயில் தொழிற்பேட்டைகளில் இரவு ஷிப்டு செல்வோரும், விரதம் இருப்போரும் வேளையைத் தவறவிடுகின்றனர். எதையும் நிறுத்துமுன் எங்களைக் கேளுங்கள்.

நம் நாட்டில் 31 மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்த 4,298 பேரிடம் நடந்த ‘ஸ்பிரிண்ட் இந்தியா’ ஆய்வு 2023இல் வெளியானது. 12 மொழிகளில் குறுஞ்செய்தி, காணொளி, பயிற்சி நூல் ஆகியவை தரப்பட்டன. மருந்து உட்கொள்ளும் ஒழுங்கு சற்று மேம்பட்டது; ஆனால் ஓராண்டுக்குள் மறுபடி பக்கவாதம் வருவது குறையவில்லை. செய்தி அனுப்புவது மட்டும் போதாது என்பதே நாங்கள் இதிலிருந்து பெறும் பாடம். நாள்தோறும் மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுப்பவர்கள் வீட்டாரே.

அவர்களுக்குச் சில வார்த்தைகள். கிழமை குறித்த மாத்திரைப் பெட்டியை வாங்கி வையுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாகத் தராதீர்கள். செலவு தடையானால் தயங்காமல் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்துகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன; இயன்முறைச் சிகிச்சையும் கிடைக்கிறது.

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அந்த நிலை வராமல் காப்பது இன்றைய மாத்திரை.