குழந்தையின் கழுத்தில் கட்டுவது எது?

கே.கே. நகரில் ஏதாவதொரு தெருவில் நடந்து பாருங்கள். வாசலில் திருஷ்டிப் பூசணி, படிகாரக் கட்டி. இப்போது புதிதாக நீலக் கண் மணி. நம் வீட்டு வாசலில் இவை இரா. ஆனால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் கழுத்தில் கறுப்புக் கயிறும் தாயத்தும் கிடக்கும்!

இது புதுப் பழக்கமல்ல. ஃபிர்அவ்ன்கள் ஆண்ட எகிப்தில் வீட்டுக் காவலுக்கென்றே தெய்வங்கள் இருந்தன. பெஸ் குள்ள உருவம். தவெரெத் நீர்யானை உருவம். கர்ப்பிணியையும் சிசுவையும் இவை காக்கும் என்று நம்பிச் சிற்றுருவங்களாகச் செய்து அணிந்தார்கள். ஹோரஸின் கண்ணையும் அணிந்தார்கள். கி.மு. 1000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் இன்னொன்றும் வந்தது. நோய், பாம்பு, தேள், கண்ணேறு இவற்றிலிருந்து பிள்ளையைக் காப்பதாகத் தெய்வங்கள் வாக்களிப்பதுபோல் பாப்பிரஸில் எழுதி, சுருட்டி, சிறு குழலில் அடைத்துக் கழுத்தில் மாட்டினார்கள். நம் தாயத்துக் கூட்டை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழகத்திலும் சங்கு, சக்கரம், கதை, வில், வாள் என்ற திருமாலின் ஐந்து ஆயுதங்களைக் கோத்த ஐம்படைத் தாலி பிள்ளைகளுக்குக் காப்பாக இருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியன் சிறுவயதுத் தாலியைக் கழற்றாத பருவத்திலேயே போர்க்களம் புகுந்ததைப் புறநானூற்றின் 77-ஆம் பாடல் சொல்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து அரபிகளும் தமீமா என்று மணி கட்டினர். பைஅத் செய்ய வந்த பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் பைஅத் வாங்கிவிட்டு, தமீமா அணிந்திருந்த ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அதை அறுத்த பிறகே அவரிடமும் வாங்கினார்கள் என்று முஸ்னது அஹ்மதில் வருகிறது.

“எங்கள் தாயத்தில் இருப்பது குர்ஆன் ஆயத்துதானே?” என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள், துஆவை ஓதத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு எழுதி மாட்டியதாக வரும் செய்தியைச் சிலர் ஆதாரமாகக் கொள்வர். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மாணவர்கள் அதையும் வெறுத்தார்கள். ஆனால் புரியாத எண்களும் கட்டங்களும் பெயர்களும் எழுதிய தகட்டுக்கு அந்தச் சலுகையும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு தருபவரிடம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக்கூட நாம் கூசுகிறோம்!

ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடி ஓதினார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களும் தம் மக்களுக்கு இப்படியே தேடினார்கள் என்றும் கூறினார்கள். மருத்துவம் செய்யும்படியும் ஏவினார்கள். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் கயிற்றைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் முதலில் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். போகிற வழியில் ஓதலாம்.

கழற்றிய தாயத்தில் ஆயத்து இருக்குமானால் குப்பையில் எறியாதீர்கள். கால் படாத சுத்தமான இடத்தில் புதைத்துவிடுங்கள்.