முட்டையிடும் முயலுக்கு வயது என்ன?

ஈஸ்டர் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு கதை வலம்வரத் தொடங்கிவிடும். முட்டையும் முயலும் ஈயோஸ்ட்ரே என்ற வசந்த தேவதைக்கு உரியவையாம். குளிரில் விறைத்துக் கிடந்த பறவையை அவள் முயலாக்கினாளாம். அது நன்றிக்கடனாக முட்டையிட்டதாம். கதை அழகுதான். பழசு என்பதுதான் பொய்.

ஈயோஸ்ட்ரேயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழைய எழுத்து ஒன்றே ஒன்று. பீட் என்ற இங்கிலாந்துத் துறவி 725இல் காலக்கணக்கு பற்றி எழுதிய நூல் அது. ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு முன்னோர்கள் அவள் பெயரை வைத்து விழா எடுத்தார்கள் என்கிறார். அவ்வளவுதான். முயலும் இல்லை, முட்டையும் இல்லை.

1835இல் யாக்கோப் கிரிம் (ஆமாம், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் ஒருவரேதான்) ஜெர்மனியிலும் ஒஸ்தாரா என்ற பெயரில் இப்படியொரு தேவதை இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1874இல் வெளியான நூலில் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர், ஈஸ்டர் முயல் தமக்கு விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, அது ஒஸ்தாராவின் விலங்காக இருக்கலாம் என்றார். முட்டையிடுவதால் ஒருகாலத்தில் பறவையாக இருந்திருக்குமோ என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ‘இருக்கலாம்’ பின்னால் வந்தவர்கள் கையில் ‘இருந்தது’ ஆகிவிட்டது.

முயலுக்குக் கிடைக்கும் தெளிவான சான்று 1682ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அல்சாஸ் வட்டாரத்தில் முயல் முட்டையிட்டுப் புல்லிலும் புதரிலும் ஒளித்துவைக்கும், பிள்ளைகள் தேடி எடுப்பார்கள் என்று கியோர்க் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார். மருத்துவர் அல்லவா, முட்டையை அளவுமீறித் தின்பதுதான் அவருக்குக் கவலை! ஜெர்மானியக் குடியேறிகளோடு அந்த முயல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

முட்டைக்கு விடை அடுக்களையில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிகளுக்கு நோன்பு ஏது? சேர்ந்துபோன முட்டைகள் பெருநாளில் விருந்தாயின, பரிசாயின. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில் ஈஸ்டருக்காக 450 முட்டைகள், 18 பென்ஸ் என்ற செலவு பதிவாகியிருக்கிறது. சாயமிட்டும் பொன்தாள் ஒட்டியும் அவற்றை அரண்மனையாருக்கு வழங்கினார்கள். கிழக்குத் திருச்சபையினர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்து. ஓடு, மூடிய கல்லறை. வசந்தத்தில் முட்டைக்கு வண்ணம் தீட்டுவது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய வழக்கமும் அல்ல. பாரசீகர்களின் புத்தாண்டான நவ்ரூஸிலும் உண்டு.

பாபிலோனின் இஷ்தார் தேவதைதான் ஈஸ்டர் ஆனாள் என்பது 19ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டர் ஹிஸ்லாப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் கத்தோலிக்கரைத் தாக்கப் பரப்பிய வாதம். ஒலி ஒப்புமை தவிர அதில் ஒன்றுமில்லை.

கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் வியர்வை விழுந்த இடத்தில் முளைத்ததாகச் சொல்லப்படும் வெள்ளை லில்லியின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கத் தேவாலயங்களை ஈஸ்டரன்று நிறைக்கும் அந்த வகைக்குப் பிறந்தகம் ஜப்பானின் ரியூக்யூ தீவுகளும் தைவானும். அமெரிக்காவுக்கான கிழங்குகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வந்துகொண்டிருந்தன. 1941இல் ஜப்பானோடு போர் மூண்டு கப்பல் நின்றதும் விலை எகிற, ஓரிகன், கலிஃபோர்னியா கடலோர விவசாயிகள் பயிரில் இறங்கினார்கள்.