மயக்கம் நீங்கியபின் மனப்பயிற்சி

மயக்கப் பொருளை விலக்குதல் ஐந்தாம் சீலம். ஆயினும் அபினி, ஹெராயின் முதலியவற்றை விட்டவர்க்குக் கவனம், நினைவாற்றல், தன்னடக்கம் ஆகியவை உடனே மீள்வதில்லை. அவை தளர்ந்துள்ளபோது ஆசை எளிதில் வெல்லும். உடல் பழக்கம் இழந்தபின் பழைய அளவை உட்கொண்டால் மூச்சடங்கி உயிரும் போகலாம்.

இத்திறன்களை மீட்கக் கைப்பேசிச் செயலிகள் ஆராயப்படுகின்றன. எண்களைத் தலைகீழாகக் கூறுதல், குறிப்பிட்ட அடையாளத்தைக் கண்டதும் கையை நிறுத்துதல் போன்றவை அவற்றில் உள்ள பயிற்சிகள். நாள்தோறும் வீட்டிலேயே பயிலலாம். ஆனால் இவை புப்ரினார்பின் முதலிய மருந்துக்கும் மருத்துவர் துணைக்கும் மாற்றாகா.

அதே கைப்பேசியில் போதைப்பொருள் விற்பவனின் எண்ணும் இருக்கக்கூடும். முதலில் அதனை நீக்குக.

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் உழைக்கும் நம்மவருள் எவரேனும் இவ்வாறு துன்புற்றால் இகழாதீர். அருகமர்ந்து, அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446ஐ அழைக்கத் துணைபுரிவீராக.