அழுத்தம் குறைந்த எண்ணெய்ப் பாறைகள்

ஜொகூர், பெங்கெராங்கிலுள்ள சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 300,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. கச்சா எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், பஞ்சில் ஊறிய நீரைப்போல் அது பாறையின் நுண்துளைகளில் அடங்கியிருக்கிறது. அதை மேலே தள்ளுவது அழுத்தமே.

நிலத்தடியில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும், அங்குள்ள நீரின் எடையால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 2,000 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 200 மடங்காக இருப்பது இயல்பு. சில பாறைகளில் அழுத்தம் இதைவிடக் குறைவாக இருக்கும். மேற்பரப்பு மண் அரிக்கப்பட்டுச் சுமை குறையும்போது பாறைத் துளைகள் சற்று விரிகின்றன. பாறை குளிரும்போது அத்துளைகளிலுள்ள நீர் சுருங்குகிறது. இயற்கையில் இவ்வாறு நிகழப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும். மனிதர் எண்ணெய் எடுத்தாலோ சில பத்தாண்டுகளே போதும்.

குளிர்பானப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாறையிலும் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிகிறது. வாயு கிணற்றை நோக்கி முந்திக்கொள்ள, கெட்டியாகிப்போன எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது.

திரங்கானுக் கடலுக்கு அப்பாலுள்ள தாப்பிஸ் வயலில் 1978-இல் உற்பத்தி தொடங்கியது. வயல் முதிர்ந்து உற்பத்தி குறைந்தபின், 2014-இல் எக்சான்மோபில் நிறுவனமும் பெட்ரோனாஸ் கரிகாலியும் நீரையும் வாயுவையும் மாறிமாறிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கின. இது அழுத்தத்தைத் தாங்குவதோடு, துளைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் நகர்த்துகிறது.

அழுத்தம் குன்றிய பாறையில் புதிய கிணறு தோண்டுவது மேலும் சிக்கலானது. துளையிடும்போது கிணற்றில் நிரப்பும் சேற்றுக்குழம்பைப் பாறை உறிஞ்சிக்கொள்ளும். குழாய் கிணற்றுச் சுவரோடு ஒட்டி அசையாமல் நின்றுவிடும். குழம்பின் மட்டம் தாழ்ந்தால், அழுத்தம் மிகுந்த வேறோர் அடுக்கிலிருந்து வாயு கிணற்றுக்குள் பாயக்கூடும். தொழிலாளர்கள் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான்.

பாதிப்பு கிணற்றோடு நிற்பதில்லை. துளைகளில் அழுத்தம் குறைந்தால், மேலுள்ள சுமையைப் பாறையே தாங்க வேண்டும். அது மென்மையானதாயின் நசுங்கும். அமெரிக்காவின் லாங் பீச் நகரில், வில்மிங்டன் வயலிலிருந்து எண்ணெய் எடுத்ததால் நிலம் ஓரிடத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் தாழ்ந்தது. துறைமுகத்துக்குள் கடல்நீர் புகாதிருக்கக் கரைகளை உயர்த்தினர். 1950-களில் பாறைக்குள் பெருமளவு நீர் செலுத்தத் தொடங்கிய பின்னரே சரிவு கட்டுக்குள் வந்தது. ஆனால், தாழ்ந்த நிலம் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை.